கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா?

கேள்வி: சில ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறேன். "விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் பணம் வந்து சேரவில்லை" என்று ஓர் ஆய்வாளர் அண்மையில் அறிக்கை வெளியிட்டார். பங்கு விலை சரிந்தது. நிறுவனம் உடனே நீண்ட மறுப்பு வெளியிட்டது. அவர் ஷார்ட் செல்லர், விலை இறங்கினால் லாபம் பார்ப்பவர், அவர் மீது வழக்குத் தொடருவோம் என்கிறது. அறிக்கையைப் படித்தால் அது நியாயமாகப் படுகிறது. மறுப்பைப் படித்தால் அதுவும் நியாயமாகப் படுகிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டையும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். பாதிப் பேர் விலையை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். யாரை நம்புவது என்பதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆய்வாளரின் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு நிறுவனம் தந்த பதிலை எழுதுங்கள். ஆனால் எண், தேதி, ஆவணம் இவற்றை மட்டும்தான் எழுத வேண்டும். "எங்கள் நிர்வாகம் நேர்மையானது", "உள்நோக்கம் கொண்ட அவதூறு" போன்ற வரிகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. மறுப்பு எத்தனை பக்கம் என்பது பொருட்டே அல்ல. நூறு பக்க மறுப்பிலும் வலப்பக்கம் காலியாகவே கிடக்கலாம்.

உங்கள் நிறுவனத்தின் மீதுள்ள கேள்வி பணம் வசூலாவது பற்றியது. உண்மையான பதில் என்றால் அதில் இவை இருக்கும்: வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி எவ்வளவு, அதில் ஆறு மாதத்தைத் தாண்டியது எவ்வளவு, ஒன்றிரண்டு பேரிடமே பெரும் பாக்கி நிற்கிறதா, அவர்களுக்கும் நிறுவனத்தை நடத்துபவர்களுக்கும் உறவு உண்டா, காலாண்டு முடிந்த பிறகு எவ்வளவு கைக்கு வந்தது. பணம் தாமதமாவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. அரசுத் துறைகளுக்கு விற்றால் தொகை மெதுவாகத்தான் வரும். புதிய சந்தையில் நுழையும்போது கூடுதல் நாள் கடன் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு காரணம் இருந்தால் அதைச் சொல்வது நிறுவனத்துக்கு மிக எளிது. சொல்லாமல் ஆய்வாளரின் பழைய வரலாற்றைப் பற்றி மட்டும் பேசினால் எனக்குக் கவலை வரும்.

அவர் ஷார்ட் செல்லர் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்க அது போதுமான காரணம்தான். ஆனால் அது பதில் ஆகாது. விலை இறங்கினால் அவருக்கு லாபம் என்றால், விலை ஏறினால் நிர்வாகத்துக்கும் லாபம்தானே?

கோபத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொய்ப்பழி சுமத்தப்பட்ட நேர்மையானவருக்கும் கோபம் வரும். 2001 ஏப்ரலில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கான்ஃபரன்ஸ் காலில், முதலீட்டாளர் ஒருவர் வருவாய் அறிக்கையோடு பேலன்ஸ் ஷீட்டை (சொத்து, கடன் விவரத்தை) ஏன் தருவதில்லை என்று கேட்டார். தலைமை நிர்வாகி ஜெஃப்ரி ஸ்கில்லிங் எல்லோரும் கேட்கும்படியே அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எல்லோரும் அந்த வார்த்தையைத்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பேலன்ஸ் ஷீட் அப்போதும் வரவில்லை என்பதுதான். கேட்டவர் ஷார்ட் செல்லர்தான். அந்த ஆண்டு டிசம்பரில் என்ரான் திவாலானது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டின் கதை. 2019-இல் அதன் கணக்குகளில் முறைகேடு இருப்பதாக ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் தொடர்ந்து எழுதியது. நிறுவனம் மறுத்தது, வழக்குப் போட்டது. ஜெர்மன் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் அந்தப் பங்கில் புதிதாக ஷார்ட் எடுக்க, அதாவது விலை இறங்கும் என்று பந்தயம் கட்ட, இரண்டு மாதம் தடை விதித்தது. செய்தியாளர்கள் மீதே புகாரும் கொடுத்தது. இதைப் பார்த்த சாதாரண முதலீட்டாளர், அரசே நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது என்று நம்பியதில் தவறு சொல்ல முடியாது. பிறகு கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனம் தனித் தணிக்கை செய்து 2020 ஏப்ரலில் அறிக்கை தந்தது. குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று வயர்கார்ட் அறிவித்தது. அறிக்கையைத் திறந்து படித்தவர்களுக்குத் தெரிந்தது வேறு: போதிய ஆவணங்கள் கிடைக்காததால் முக்கியமான வருவாயைச் சரிபார்க்கவே முடியவில்லை. "தப்பு எதுவும் இல்லை" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல. அந்த ஜூனில், கணக்கில் காட்டியிருந்த 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரிந்து, நிறுவனம் திவாலானது. உங்கள் நிறுவனமும் தனித் தணிக்கைக்கு உத்தரவிட்டால், தணிக்கையாளரை நியமித்தது யார், எதைப் பார்க்கச் சொன்னார்கள், முழு அறிக்கையும் வெளிவருமா என்று கேளுங்கள். செய்திக்குறிப்போடு நின்றுவிடாதீர்கள்.

எல்லாக் குற்றச்சாட்டும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் மடி வாட்டர்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், சிங்கப்பூரின் விளைபொருள் வணிக நிறுவனமான ஓலம் வீழ்ந்துவிடும் என்றது. ஓலம் கடுமையாக மறுத்தது, வழக்கும் தொடுத்தது. வீழவில்லை. ஆனால் 2013 ஏப்ரலில் அது வெளியிட்ட புதிய திட்டத்தைப் பாருங்கள்: முதலீட்டுச் செலவைக் குறைப்போம், ரொக்கம் மிஞ்சும்படி தொழிலை நடத்துவோம் என்றது. விமர்சகரின் கணிப்பு தவறினாலும், விமர்சனம் சுட்டிய இடத்தில் நிர்வாகம் கை வைத்தது. பேச்சைவிட இந்த மாதிரிச் செயல்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இனி செய்ய வேண்டியது இது. நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி எவ்வளவு, அதில் இதுவரை வசூலானது எவ்வளவு? நீங்களும் பங்குதாரர்தான், தயங்க வேண்டாம். அடுத்த இரண்டு காலாண்டு முடிவுகளில் லாபத்தையும் தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கிடையில் தணிக்கையாளரோ நிதித் தலைவரோ திடீரென விலகினால், அவர்கள் சொல்லும் "சொந்தக் காரணம்" எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது.

இந்தப் பங்கில் இருப்பது உங்களால் இழக்க முடியாத பணம் என்றால், உண்மை தெரியும்வரை காத்திருக்காமல் ஒரு பகுதியை இப்போதே விற்றுவிடுங்கள். பிறகு நிறுவனத்தின் பக்கமே நியாயம் என்று தெரிந்தால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.