கம்பி, நீர்த்தொட்டி, நைந்த நாடா: ட்ரோன் இசை கேள்வி பதில்

விநோதமான ஒலிமூலங்களைக் கொண்டு உருவான ஆம்பியன்ட் (சூழல்போல் பரவி நிற்கும் இசை), ட்ரோன் (நீண்டு ஒலிக்கும் சுரங்களாலான இசை) ஆல்பங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்த வகை இசையைக் கேட்டதே இல்லை ஐயா. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், அதில் தொடங்குகிறேன்.

'டீப் லிசனிங்', 1989. பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனோடும், ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் டிராம்போனோடும், பனையோட்டிஸ் தன் குரலோடும் ஒரு பழைய நீர்த்தொட்டிக்குள் இறங்கிப் பதிவு செய்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வோர்டன் என்ற முன்னாள் ராணுவ வளாகத்தில், நிலத்துக்கு 14 அடி கீழே இருக்கும் தொட்டி அது. சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளளவு. தண்ணீரை வெளியேற்றியபின் அங்கே எழும் ஒலி முழுதாக அடங்க 45 விநாடி பிடிக்கும்.

45 விநாடி என்றால் என்ன என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். வாசித்த சுரத்தைத் திரும்பப் பெற வழியில்லை. அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த சுரம் அதன் மேல்தான் வந்து உட்கார வேண்டும். விரல் வேகத்தைக் காட்ட நினைத்தால் எல்லாம் கூழாகிவிடும். அதனால் மூவரும் மிக நிதானமாக, ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கி வாசிக்கிறார்கள். சில நிமிடங்களில், இப்போது ஊதப்படும் டிராம்போன் எது, அரை நிமிடத்துக்கு முன் ஊதியதன் மிச்சம் எது என்று பிரிக்கவே முடியாமல் போகிறது. புதியவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், வாத்தியங்கள் பழக்கமானவை. பழக்கமில்லாதது இடம் மட்டும்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக் கேட்டால் காது முரண்டு பிடிக்கும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒருவர் தொலைபேசிக் கம்பிகளைப் பாட வைத்து ஆல்பம் போட்டாராமே? காற்று அடித்தால் கம்பி எப்படிப் பாடும்?

ஆலன் லாம்ப். மேற்கு ஆஸ்திரேலியாவில் கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பிகளில் அதிர்வு மைக்குகளைப் பொருத்திப் பதிவு செய்தவர். 1995இல் வந்த 'பிரைமல் இமேஜ்' ஆல்பத்தைக் கேளுங்கள்.

கம்பியைக் கடக்கும் காற்று, அதன் பின்புறத்தில் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொரு சுழல் உதிரும்போதும் கம்பிக்கு ஒரு சிறு தள்ளு. தள்ளுகள் விநாடிக்கு எத்தனை என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் கம்பி, விநாடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸ். பாடகர்களின் குரல் சாதாரணமாக நடமாடும் உயரம்தான். கம்பி எவ்வளவு முறுக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை பாருங்கள். ஆனால் கம்பிக்கென்று சொந்த மேற்சுரங்கள் (அடிச்சுரத்துக்கு மேலே எழும் உயர் சுரங்கள்) இருக்கின்றன. காற்றுத் தள்ளுகளின் எண்ணிக்கை அவற்றில் ஒன்றை நெருங்கும்போது கம்பி அதைப் பற்றிக்கொண்டு உரக்கப் பாடும். காற்று சற்று வலுத்தால் அடுத்ததற்குத் தாவும். லாம்பின் பதிவுகளில் கோரஸ் மாதிரி எழுந்து எழுந்து அடங்குவது அந்தத் தாவல்கள்தான்.

இடையிடையே 'ப்யூ' என்று மேலிருந்து கீழே வழுக்கும் ஒலியும் வரும். நீண்ட கம்பியில் தொலைவில் எங்கோ ஏதாவது மோதினால், அதிலிருக்கும் உயர் அதிர்வெண்கள் வேகமாகப் பயணித்து முன்னால் வந்துவிடும்; தாழ்ந்தவை பின்தங்கி வரும். ஒரே 'டக்' வழியில் நீண்டு 'ப்யூ'வாக வந்து சேர்கிறது.

கம்பி என்று பேச்செடுத்துவிட்டதால் இன்னும் இருவர். ஆல்வின் லூசியர் ஏறத்தாழ 24 மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டி, ஒரு முனையருகே காந்தத்தை வைத்து, கம்பி வழியே ஆஸிலேட்டர் (ஒரே அதிர்வெண்ணில் மின்னலையை எழுப்பும் கருவி) தரும் மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். 1980இல் வந்த 'மியூசிக் ஆன் எ லாங் தின் வயர்' இசைத்தட்டின் நான்கு பக்கங்களும் அப்படித்தான்: பக்கத்துக்கு ஒரு அதிர்வெண், அதற்குமேல் யாரும் தொடவில்லை. அப்படியும் ஒலி மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லன் ஃபுல்மன் இதற்கு நேர் எதிர். நீளமான தந்திகளுக்கு நடுவே நடந்தபடி, ரோசின் (வயலின் வில்லுக்குப் பூசும் பிசின்) பூசிய விரல்களால் அவற்றை நீளவாக்கில் உரசுகிறார். அதிர்வு பக்கவாட்டில் போகாமல் தந்தியின் நீளத்திலேயே ஓடுவதால், முறுக்கிச் சுருதி சேர்க்க முடியாது. நீளத்தை மாற்றினால்தான் சுருதி மாறும். மூவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது மிரட்டினால் ஃபுல்மனை வைத்துக்கொள்வேன். ஒரு மனிதர் நடக்கும் வேகம் அந்த இசைக்குள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்கூட இப்படித்தான் முனகுகிறது. அதற்கும் ஆல்பம் போடலாமா?

தாராளமாக. ஒரு வாஷிங் மெஷினுக்கே போட்டிருக்கிறார்கள். மாட்மாஸ் என்ற இரட்டையரின் 'அல்டிமேட் கேர் 2', வருடம் 2016. தலைப்பே மெஷினின் மாடல் பெயர்தான். 38 நிமிடம், ஒரே பாட்டு. குமிழைத் திருகுவதில் தொடங்குகிறது. தட்டியது, தேய்த்தது, ஓடவிட்டது எல்லாம் அந்த மெஷினை. இதே ஆட்கள் 2001இல் அறுவை சிகிச்சைகளின் ஒலிகளைக் கொண்டும் ஓர் ஆல்பம் செய்தார்கள். அதைச் சாப்பிடும்போது கேட்காதீர்கள். இரண்டையும் ட்ரோன் என்று சொல்ல மாட்டேன், தாளம் துள்ளுகிறது.

உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் கிண்டலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூலம் விநோதமாக இருப்பது ஒரு தகுதியே அல்ல. அட்டையில் எழுதியிருக்கும் கதையை மறைத்துவிட்டு ஆல்பத்தைப் போட வேண்டும். இருபது நிமிடம் கழித்தும் காது உள்ளேயே இருந்தால் அது நல்ல ஆல்பம். பனிப்பாறை, எரிமலை, கைவிடப்பட்ட தொழிற்சாலை என்று கதையை மட்டும் நம்பி வரும் ஆல்பங்களில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறுவதில்லை.

கேள்வி: அப்படியானால் வில்லியம் பசின்ஸ்கியின் 'டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்'? அதன் புகழுக்குக் காரணம் செப்டம்பர் 11 கதைதானே?

பாதி அதுதான், மறுக்கவில்லை. 1980களில் செய்து வைத்திருந்த காந்த நாடா லூப்களை (முனைகளை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் நாடாத் துண்டுகளை) 2001இல் கணினிக்கு மாற்றினார். ஓடஓட நாடாவின் மேலிருந்த காந்தத் துகள் பூச்சு உதிர்ந்தது. அவர் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பதிவு செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தாக்குதல் நடந்தது. புரூக்ளினில் தன் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து அன்று மாலை அவர் பிடித்த புகைக் காட்சிகள்தான் ஆல்ப அட்டைகளாயின. முதல் தொகுதி 2002இல் வந்தது.

இப்போது நான் சொன்ன தேர்வை வையுங்கள். கதை எதுவும் தெரியாமல் முதல் தொகுதியின் முதல் பகுதியைக் கேளுங்கள்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பித்தளை வாத்தியம் போன்ற ஒரு சிறு மெட்டு சில விநாடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பத்து நிமிடம் எதுவும் மாறவில்லை என்றே சத்தியம் செய்வீர்கள். பிறகு ஒரு சுரத்தின் விளிம்பு சொரசொரப்பாகிறது. அப்புறம் மெட்டுக்குள் ஓட்டை விழுகிறது. ஒரு சுற்றில் காணாமல்போன ஒலி, நாம் மனதில் இட்டு நிரப்புவதால் அடுத்த சில சுற்றுகளில் இருப்பது போலவே படுகிறது. கடைசியில் மெட்டின் எலும்பு மட்டும்தான். எந்த இடத்தில் அது அழிந்தது என்று விரல் வைத்துக் காட்ட யாராலும் முடியாது. தாக்குதல் நடக்காமலே இருந்திருந்தாலும் இது நின்றிருக்கும்.

கேள்வி: கோள்களின் ஓசை, செடிகளின் பாட்டு என்று இணையம் முழுக்கக் கிடக்கிறதே, அவை நிஜமா?

இங்கே மூன்று வகைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வாயேஜர் விண்கலங்களின் ஆன்டெனாக்கள் பதிவு செய்தவை மின்காந்த, பிளாஸ்மா அலைகள். அவற்றில் பல நம் காது கேட்கும் அதிர்வெண்ணிலேயே இருப்பதால் நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பலாம். விண்வெளியில் காது வைத்தால் கேட்காது, ஆனாலும் அலை அசல். அதன் மேல் சின்தசைசர் மெத்தையை விரித்து விற்பதும் உண்டு, அது வேறு. பூமியில் மின்னல்கள் கிளப்பும் 'விஸ்லர்' அலைகளும் இதே இனம். ஸ்டீபன் மெக்ரீவி பதிவு செய்தவற்றை எதுவும் சேர்க்காமல் கேட்கலாம்.

பெர்சியஸ் விண்மீன் திரள் கொத்தின் கருந்துளை ஓசை என்று 2022இல் நாசா வெளியிட்டது அடுத்த வகை. அங்கே வாயுவில் அழுத்த அலைகள் நிஜமாகவே இருக்கின்றன. அவற்றை 57, 58 ஸ்தாயி உயர்த்தித்தான் நமக்குக் கேட்கத் தந்தார்கள்.

செடிப் பாட்டு மூன்றாவது. இலையில் ஒட்டிய உணரி மின்கடத்தும் தன்மையின் ஏற்ற இறக்கத்தை எண்ணாகத் தருகிறது; எந்த ஸ்கேல், எந்த வாத்தியம் என்பதை மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார். இனிமையாக இருப்பதற்குச் செடி பொறுப்பல்ல. மர வளையங்களை ரெக்கார்டு பிளேயரில் ஓட்டும் பார்த்தலோமியஸ் ட்ராவ்பெக்கின் 'இயர்ஸ்' படைப்பும் (2011) அப்படியே. கேமரா வளையத்தைப் பார்க்கிறது, நிரல் அதைப் பியானோவாக்குகிறது. அழகான யோசனை, ஆனால் மரம் பியானோ வாசிக்கவில்லை.

கேள்வி: காலி அறையைப் பதிவு செய்து ஆல்பமா? காலியில் என்ன கேட்கும்?

ஜேக்கப் கிர்க்ககார்டின் '4 ரூம்ஸ்', 2006. செர்னோபில் விபத்தால் கைவிடப்பட்ட பகுதியில் ஒரு தேவாலயம், ஓர் அரங்கம், ஒரு நீச்சல் குளம், ஓர் உடற்பயிற்சிக் கூடம். ஆளில்லாத அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்வது, அதை அதே அறைக்குள் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்வது, அதையும் ஒலிக்கவிட்டு மறுபடி. ஒவ்வோர் அறைக்கும் அதன் அளவைப் பொறுத்துச் சில அதிர்வெண்களில் ஒத்ததிர்வு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அவை மட்டும் கொழுத்து மற்றவை மெலிகின்றன. கடைசியில் ஒவ்வோர் அறையும் தனக்கே உரிய ட்ரோனாக எழுந்து நிற்கிறது.

முறை லூசியருடையது. 1969இல் அவர் 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' என்று தன் பேச்சையே இப்படிச் சுழலவிட்டார். 1981 இசைத்தட்டில் 32 சுற்றுகள், 45 நிமிடம். வார்த்தைகள் கரைந்து, பேச்சின் தாளம் மட்டும் மணியோசையாக மிஞ்சுகிறது. அவருக்குத் திக்குவாய் இருந்தது. அதையும் அந்தப் பேச்சிலேயே குறிப்பிடுகிறார். திக்கிய இடங்கள் கடைசிவரை தாளமாகத் தெரியும்.

கேள்வி: ஹெட்போனா, ஸ்பீக்கரா?

ஜானா விண்டரனின் 'எனர்ஜி ஃபீல்டு' (2010) போன்ற நீரடிப் பதிவுகளுக்கு ஹெட்போன். லூசியர், ஃபுல்மன், சின்தசைசரில் நீண்ட ட்ரோன்களை அமைத்த எலியான் ராடிக் ஆகியோருக்கு ஸ்பீக்கர். கேட்டபடி அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள், தலையைத் திருப்பினாலே சுரம் மாறும். போன் ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் கேட்காமலே இருக்கலாம். கீழ்ச்சுரங்கள் அதில் வராது, ட்ரோனில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு தூங்கலாமா?

தூங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: நம் தம்பூரா செய்யாத எதை இவர்கள் புதிதாகச் செய்துவிட்டார்கள்?

நியாயமான கேள்வி. இவர்களில் முன்னோடியான லா மான்ட்டி யங் 1970இல் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்து, தம்பூராவை மீட்டக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பே, சிறு வயதில் தொலைபேசிக் கம்பங்களின் ரீங்காரத்தில் மயங்கியவர். தம்பூராவின் குதிரையின் (தந்திகள் தங்கும் பாலத்தின்) மேல் தந்திக்கடியில் நூலைச் சற்றே நகர்த்தி ஜீவா பிடிப்பவர் செய்வதும், லூசியர் கம்பியருகே காந்தத்தை வைத்ததும் ஒரே வேலைதான்: ஒரே தந்தியிலிருந்து மேற்சுரங்களை மலர வைப்பது. தம்பூராவுக்கு மேல் ஒருவர் பாட வருவார். இவர்களுடைய ஆல்பங்களில் கடைசிவரை யாரும் வர மாட்டார்கள்; அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால்தான் கேட்க முடியும்.

கேள்வி: நானும் கம்பி, கிராதி, கண்ணாடி என்று பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். செலவில்லாமல் எப்படித் தொடங்குவது அண்ணா?

27 மில்லிமீட்டர் பியசோ வட்டு (அதிர்வை மின்சைகையாக மாற்றும் தகடு; அதிர்வு மைக் இதுதான்) ஒன்று, கவசமிட்ட ஒயர் கொஞ்சம், ஒரு ஜாக். நடுவிலிருக்கும் வெள்ளைப் பகுதியில் ஒயரின் உட்கம்பி, பித்தளை விளிம்பில் வெளிக்கவசம். சால்டரிங் அயர்னை வெள்ளைப் பகுதியில் ஓரிரு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். மேற்பூச்சு உரிந்து வந்துவிடும். பின்னர் நெயில் பாலிஷையோ இன்சுலேஷன் டேப்பையோ போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் கைபட்ட இடமெல்லாம் உறுமும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. பியசோவைச் சாதாரண மைக் உள்ளீட்டில் சொருகினால் அடி ஒலி முழுக்கப் போய்த் தகர டப்பா போலக் கேட்கும். கிதார் செருகும் உள்ளீடு, அதாவது 1 மெகாஓம் அளவில் மின்மறுப்பு உள்ள உள்ளீடு வேண்டும். வட்டைக் கிளிப் போட்டு இறுக்கிப் பிடியுங்கள், தளர்ந்தால் படபடக்கும். வேலிக் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் நன்றாகப் பேசும். மின்கம்பம், மின்கம்பி பக்கம் போகவே கூடாது. முதல் பதிவு கையில் வந்ததும் மென்பொருளில் எதிரொலியைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காமல் முழுதாக ஒருமுறை கேளுங்கள். சலித்துப்போனால் மைக்கை வேறு இடத்தில் பொருத்திப் பாருங்கள்.