தாவர அறிவியல் பட்டம்: எந்தப் பாடம் எப்போது?

வணக்கம். தாவர அறிவியலில் நான்காண்டு இளநிலைப் படிப்பின் முதலாண்டை முடிக்கப்போகிறேன். மீதி ஆறு செமஸ்டர்களுக்கான பாடங்களை நாங்களே வரிசைப்படுத்தித் தர வேண்டும். எனக்குத் திசு வளர்ப்பில்தான் (செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துச் செடியாக்குவது) ஆர்வம். அதை அடுத்த செமஸ்டரிலேயே எடுத்துவிட்டு, கரிம வேதியியல், புள்ளியியல், வகைப்பாட்டியல் மூன்றையும் கடைசி ஆண்டுக்குத் தள்ளலாமா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தள்ள வேண்டாம். அந்த மூன்றில்தான் உங்கள் திட்டமே நிற்கிறது.

வேதியியலை முதலில் பாருங்கள். பொது வேதியியல் முடித்தால்தான் கரிம வேதியியல், அதற்குப் பின் உயிர்வேதியியல், அதற்கும் பின்தான் தாவரச் செயலியலும் மூலக்கூறு உயிரியலும். ஒன்றைப் பிடித்து ஒன்று வரும் இந்த வரிசையில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்படும் பாடத்தை நழுவவிட்டால், பின்னால் வருபவை எல்லாம் ஓராண்டு தள்ளிப்போகும். அட்டவணை போடும்போது இத்தகைய பாடங்களை முதலில் நிரப்புங்கள்.

திசு வளர்ப்புக்கே வேதியியல் வேண்டும். செடித் துண்டுகளை வளர்க்கும் சத்துக் கலவையான முராஷிகே–ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ் சேர்த்து, pH அளவை 5.8க்குக் கொண்டுவந்து, உறையவைக்கும் அகார் கலந்து, 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்வது வழக்கம். அமிலம் கூடிவிட்டால் அகார் சரியாக உறையாது. என்ஏஏ என்ற ஆக்சின் (வேர்விடத் தூண்டும் வளர்ச்சிப் பொருள்) தண்ணீரில் எளிதில் கரையாது. சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பிறகே நீர் சேர்க்க வேண்டும். அதில் 5 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 0.93 மில்லிகிராம். அதையே 5 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும். வேரை எதிர்பார்த்த இடத்தில் வெறும் காலஸ் (உருவமற்ற செல் திரள்) திரளும். ஏன் அப்படி ஆனது என்று கண்டுபிடிக்க மோலார் கணக்கு (மோல் அளவை எடையாக மாற்றும் கணக்கு) கைவசம் இருக்க வேண்டும்.

புள்ளியியலை மரபியலுக்கு முன்போ அதனோடு சேர்த்தோ எடுங்கள். மரபியலின் முன்னோடி மெண்டலுக்குப் பட்டாணியில் கிடைத்தவை 5474 உருண்டை விதைகள், 1850 சுருங்கிய விதைகள். இது கோட்பாடு சொல்லும் 3:1 விகிதம்தானா? எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து உள்ள விலகலைக் காட்டும் கை-வர்க்க மதிப்பு 0.26 வருகிறது, 5 சதவீத எல்லை 3.84. எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் 3:1ஐ மறுக்கக் காரணமில்லை. இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் மரபியல் ஆய்வகத்தில் உட்காருவது வீண்.

அதைவிடப் பெரிய காரணம் இறுதியாண்டு ஆய்வு. ஒரு தொட்டிக்கு உரம், இன்னொன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் பத்து இலைகளை அளந்துவிட்டு ‘பத்து மறுபதிவுகள்’ (சோதனையைத் தனித்தனியாகத் திரும்பச் செய்தவை) என்று எழுதுவார்கள். உண்மையில் இருப்பது தொட்டிக்கு ஒன்றுதான். வேறுபாடு உரத்தால் வந்ததா, ஒரு தொட்டி சன்னலருகே இருந்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஆய்வு முடிந்தபின் எந்தச் சோதனை போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விதைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஆய்வுக்கு எந்தச் செடி என்பதும் அட்டவணையை மாற்றும். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி விதையிலிருந்து விதைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் போதும். நடுவில் கெட்டாலும் மறுபடி விதைக்கலாம். நெல் ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 100 முதல் 150 நாள் வேண்டும். அதில் விளைச்சலை அளப்பதானால் ஒரு செமஸ்டர் போதாது. ஏழாவதில் விதைத்து எட்டாவதில் எழுதுங்கள். திட்டவரைவு ஆறாவதிலேயே முடியட்டும்.

வகைப்பாட்டியலை உங்கள் பகுதியில் அதிகச் செடிகள் பூக்கும் பருவத்தில் நடக்கும் செமஸ்டரில் போடுங்கள். சூலகம் (பூவில் விதை உருவாகும் பகுதி) மற்ற உறுப்புகளுக்கு மேலா கீழா, அதனுள் சூல்கள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று பூவை அறுத்துப் பார்க்காமல் தாவரக் குடும்பத்தை உறுதிசெய்வது கடினம். படத்தில் பார்த்துப் படித்தது தேர்வோடு மறந்துபோகும்.

உள்ளமைப்பியல் செயலியலுக்கு முன் வரட்டும், அவ்வளவுதான். ஆய்வகப் பாடங்கள் செமஸ்டருக்கு இரண்டு போதும், மூன்றாவது வேண்டாம். செடிக்கு விடுமுறை நாளிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், குறிப்பேடும் எழுத வேண்டும்.

ஆகவே, மூன்றாவது செமஸ்டரில் கரிம வேதியியலும் புள்ளியியலும், நான்காவதில் உயிர்வேதியியலும் மரபியலும், ஐந்தாவதில் செயலியலும் திசு வளர்ப்பும். அதுவரை ஆர்வம் காத்திருக்க வேண்டியதில்லை. திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வாரம் ஒரு பிற்பகல் ஊடகம் தயாரிக்க உதவ முடியுமா என்று இப்போதே கேளுங்கள். பூஞ்சை எந்தக் குடுவையில், எத்தனையாவது நாள் தெரிந்தது என்று எழுதிவைக்கும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம்.