மைதானத்தில் டெட்ரிஸ் வாசிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாடசாலை பாண்டில் ட்ரம்பெட், கிளாரினெட், இரண்டு அல்டோ செக்ஸபோன், ஒரேயொரு ட்ரொம்போன், நிறைய மெலோடிக்கா, டிரம்கள் இருக்கின்றன. வருகிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு சினிமாப் பாட்டை விட்டு கேம் இசை வாசிக்க ஆசை. யூடியூபில் பியானோ வீடியோ பார்த்து மாரியோ மெட்டை எழுதி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தோம். சேர்ந்து வாசித்தால் காது கூசுகிறது.
– பாண்ட் தலைவர், கல்முனை

பதில்: தம்பி, பிள்ளைகள் பிழையாக வாசிக்கவில்லை, தாள்தான் பிழை. மெலோடிக்காவில் ஸி என்ற சுரத்தை வாசித்தால் ஸி கேட்கும். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதே ஸி அவற்றில் பி ஃபிளாட்டாக வரும், அல்டோவில் ஈ ஃபிளாட்டாக வரும், ஆக நீங்கள் ஒரே மெட்டை மூன்று சுருதியில் ஒரே நேரத்தில் வாசிக்கிறீர்கள். ட்ரம்பெட், கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் மேலே எழுதுங்கள், அல்டோவுக்கு ஒன்பது அரைச்சுரம் மேலே. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் மெலோடிக்காவுக்கான மெட்டை ஒருமுறை ஏற்றினால் மற்ற வாத்தியங்களுக்கு அதுவே மாற்றித் தரும்.

அடுத்தது பாட்டுத் தெரிவு, இதில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கோஜி கொண்டோ 1985-இல் மாரியோவுக்குப் போட்ட அந்த முதல் மெட்டு அருமையானது, ஆனால் சுரங்கள் அடிக்கு அடி தாளத்தை விட்டுத் தள்ளித்தள்ளி விழும், அதை வாசித்துக்கொண்டே இடது வலது போடச் சொன்னால் முன்வரிசையே தடுமாறும். அதை நின்ற இடத்தில் வாசியுங்கள். நடப்பதற்கு டெட்ரிஸ், அதுதான் விழும் கட்டைகளால் வரிசையை நிரப்பினால் அந்த வரிசை மறையும் கேம்! 1989-இல் கேம் போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் கேட்ட அந்த மெட்டு உண்மையில் ரஷ்ய நாட்டுப்பாடல், சொற்கள் நெக்ராசோவ் 1861-இல் வெளியிட்ட கவிதையிலிருந்து வந்தவை, இரண்டு அடித் தாளம், கால் தானாகவே விழும்.

பியானோ வீடியோக்களில் அது பெரும்பாலும் ஏ மைனர் சுருதியில் இருக்கும். நீங்கள் ஜி மைனருக்கு இறக்குங்கள், அப்போது தாளின் தொடக்கத்தில் ட்ரம்பெட்டுக்கு ஷார்ப்பும் (அரைச்சுரம் ஏற்றும் குறி) இல்லை ஃபிளாட்டும் (அரைச்சுரம் இறக்கும் குறி) இல்லை, அல்டோவுக்கு ஒரே ஒரு ஷார்ப். இரண்டாவது பகுதியில் மெட்டு மேலே ஏறுகிற இடம் ட்ரம்பெட்டுக்கு இசைத்தாளின் ஐந்து கோட்டுக்கும் மேலே போகும், நடந்து வந்து மூச்சு வாங்கும் பிள்ளைக்கு அது பாவம், அந்த இடத்தை மட்டும் கிளாரினெட்டுக்கும் மெலோடிக்காவுக்கும் கொடுத்துவிடுங்கள். ட்ரம்பெட்டின் உதட்டுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கேம் போயில் மொத்தமே நான்கு ஒலித்தடங்கள். மெட்டுக்கு இரண்டு, பெரும்பாலும் பேஸ் என்ற அடிக்குரலுக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சலாக ஒன்று. அதனால் உங்களிடம் ஒரு ட்ரொம்போன்தான் என்று கவலைப்பட வேண்டாம், அது பேஸை எடுக்கட்டும், இரைச்சல் சைட் டிரமுக்கும் சிம்பலுக்கும் போகட்டும், மேல் இரண்டு குரலையும் மற்றவர்கள் பகிரட்டும். எல்லோரும் மெட்டையே வாசிப்பதுதான் நம் பக்கத்து பாண்டுகளில் நான் அடிக்கடி கேட்கிற குறை. இரண்டாவது குரலைக் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குத் தள்ளாமல் நன்றாக வாசிப்பவர் ஒருவரிடம் கொடுங்கள், அப்போதுதான் நிற்கும்.

இன்னொன்று, கேம் இசைக்கு முடிவு கிடையாது. விளையாடுகிறவர் அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறும்வரை சுற்றிச்சுற்றி வரத்தான் எழுதியிருப்பார்கள். மைதானத்தில் அதே சுற்றை நாலு தடவை வாசித்தால் சனம் கதைக்கத் தொடங்கிவிடும். முதல் சுற்று மெலோடிக்காவும் சைட் டிரமும் மட்டும், இரண்டாவதில் ட்ரம்பெட் சேரட்டும், மூன்றாவதில் டிரம் எல்லாம் சட்டென்று நின்று ட்ரொம்போனும் கிளாரினெட்டும் மெதுவாக, பிறகு எல்லோரும் முழுச்சத்தத்தில். கடைசிக்கு இரண்டு பட்டை (பார்) நீள முடிவு நீங்களே எழுத வேண்டும், அதைத் தனியாகப் பழக்குங்கள்.

கேள்வி: ஓஹாயோ பல்கலைக்கழக பாண்ட் மாதிரி மைதானத்தில் உருவங்கள் போட வைக்கலாமா?
– சங்கீத ரீச்சர், களுவாஞ்சிகுடி

பதில்: 2012-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக பாண்ட் செய்த கேம் இசை நிகழ்ச்சியைச் சொல்கிறீர்கள். எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அது உயரமான படிக்கட்டு இருக்கைகளிலிருந்து கீழே பார்ப்பவர்களுக்காகச் செய்தது ரீச்சர், ஆட்களும் இருநூறு பேர் அளவில். நம் பெற்றோர் தரையோடு தரையாகப் பந்தலுக்குள் கதிரை போட்டு இருக்கிறார்கள், அங்கிருந்து எந்த உருவமும் தெரியாது, ஆள் கூட்டம்தான் தெரியும். அதனால் உயர வித்தியாசத்தை வைத்துச் செய்யுங்கள். டெட்ரிஸ் மெட்டுக்கு மெலோடிக்காப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து வரிசையை நிரப்பட்டும், வரிசை நிரம்பியதும் சிம்பல் அடிக்க அந்த வரிசை முழுவதும் ஒன்றாகக் குந்தட்டும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். முதல் தவணை வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே பழகி முடியுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் போனில் விளையாடிக் கெட்டுப்போவது போதாதென்று பாடசாலையிலும் கேம் பாட்டா?
– ஒரு தந்தை, மட்டக்களப்பு

பதில்: ஐயா, போன் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் போனில் தனியாகக் கேட்ட மெட்டைப் பிரித்து எழுதி, முப்பது பேரோடு மூச்சும் காலும் சேர்த்து வாசிப்பது வேறு வேலை, அதற்குப் போனைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும். இசையாகவும் இது குறைந்ததல்ல. கிறிஸ்டோபர் டின் ஒரு கேமுக்காக சுவாகிலி மொழியில் அமைத்த பாடல் 2011-இல் கிராமி விருது பெற்றது, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்ததே கேம் இசைக்குத்தான். ஒருநாள் பயிற்சிக்கு வந்து பாருங்கள்.

கேள்வி: உரிமைப் பிரச்சினை வருமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: டெட்ரிஸின் அடிப்படை மெட்டு நாட்டுப்பாடல், அதிலிருந்து நீங்களே எழுதினால் பயமில்லை. மாரியோ போன்றவை உரிமை உள்ளவை, இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இசைக்கும் பொருந்தும். எழுதிய தாளை விற்கவோ இணையத்தில் பரப்பவோ போவதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.