பத்தொன்பது வயது, எட்டு செமஸ்டர், ஒரு நண்பரின் முகவரி

பிள்ளைகளின் ஹைஸ்கூல் விளையாட்டுத் தகுதி பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் மாநிலத்தின் பெயரே இல்லை. போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தைய முறையும் சொன்னேன். அமெரிக்க ஹைஸ்கூல் விளையாட்டில் நாடு முழுவதற்கும் பொதுவான தகுதி விதி கிடையாது. இண்டியானாபொலிஸில் இருக்கும் தேசியக் கூட்டமைப்பு ஆட்ட விதிகளை எழுதித் தருகிறது, அவ்வளவுதான். யார் களத்தில் இறங்கலாம் என்பதை அந்தந்த மாநிலச் சங்கமே முடிவு செய்கிறது. மாநிலத்தைச் சொல்லாமல் கேட்பது, போக வேண்டிய ஊரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது மாதிரி. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

என் மகனுக்கு 18 முடிந்துவிட்டது. சீனியர் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், ஆட முடியுமா?

பார்த்தீர்களா, இதிலும் மாநிலம் இல்லை! பிறந்த தேதியும் இல்லை. கோடு பெரும்பாலான மாநிலங்களில் 19-இல்தான் இருக்கிறது. அதை எந்தத் தேதியில் பார்ப்பார்கள் என்பதுதான் மாறும். டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 19 நிறைந்திருக்கக் கூடாது. கென்டக்கியில் ஆகஸ்ட் 1. கலிபோர்னியாவில் ஜூன் 15-க்கு முன்பே 19 நிறைந்துவிட்டால் அடுத்து வரும் கல்வியாண்டு போச்சு. அந்தத் தேதிக்குப் பிறகு 19 ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஆண்டு முழுக்க ஆடலாம். உங்கள் பையன் 18 என்கிறீர்கள், அநேகமாகப் பிரச்சினை இருக்காது. ‘அநேகமாக’ என்ற சொல்லை நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள். பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெட்டிக் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என் மகள் எந்த அணியிலும் இல்லை. அந்த ஒரு வருடம் அவளுக்கு மிச்சமா?

இல்லை. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். எட்டு செமஸ்டர், அதாவது தொடர்ச்சியாக நான்கு வருடம். ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஜே.வி. என்ற இரண்டாம் நிலை அணியில் இருந்தாலும் வார்சிட்டி என்ற முதன்மை அணியில் இருந்தாலும், அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நியூ ஜெர்சி. மகன் அக்டோபர் 7-இல் பிறந்தவன், சீனியர். தகுதியில்லை என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. அவனுக்கு 19 ஆவதே இந்த அக்டோபரில்தானே?

நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலைப் பார்த்தேன். 07/10 என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பழக்கம், நாள் முதலில், மாதம் பிறகு. இங்கே அதை ஜூலை 10 என்று படிப்பார்கள். ஜூலையில் பிறந்தவனுக்குச் செப்டம்பர் 1-க்கு முன்பே 19 ஆகிவிடுகிறது, அதனால் தட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய், தவறு உங்களுடையது என்று நீங்களே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கோபப்பட்டுக் கடிதம் எழுதாதீர்கள். அவர்கள் பக்கம் தப்பே இல்லை. இனி எந்தப் படிவமானாலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

கென்டக்கி. மகன் ஜூலை 20-இல் பிறந்தவன். கிண்டர்கார்டனிலேயே ஒரு வருடம் தள்ளித்தான் சேர்த்தோம். இப்போது எட்டாம் வகுப்பு. பேஸ்கட்பால் கிளப் கோச், “எட்டாம் வகுப்பை இன்னொரு முறை படிக்க வையுங்கள், ஒன்பதாவதுக்குப் போகும்போது உயரமும் பலமும் கூடியிருக்கும்” என்கிறார். செய்யலாமா?

வருடா வருடம் இந்தக் கேள்வி வருகிறது, வருடா வருடம் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது.

முதலில் கணக்கைப் போடுவோம், அந்தக் கோச் போட்டிருக்க மாட்டார். கிண்டர்கார்டனில் ஒரு வருடம் தள்ளிவிட்டீர்கள். இப்படியே விட்டால் சீனியர் ஆண்டு தொடங்கும்போது உங்கள் மகனுக்கு 18. எட்டாவதை இன்னொரு முறை படித்தால் 19. ஜூலை 20-இல் 19 நிறைகிறது, கென்டக்கியின் கோடு ஆகஸ்ட் 1. 12 நாளில் சீனியர் ஆண்டு முழுவதும் போய்விடும். எந்த வருடத்துக்காக இவ்வளவும் செய்கிறீர்களோ, அந்த வருடமே இருக்காது. டெக்சஸிலும் இதே கதிதான். கலிபோர்னியாவாக இருந்தால் ஜூன் 15 தாண்டிப் பிறந்தவன் என்பதால் தப்பித்திருப்பான். அதற்காக வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.

அடுத்தது, தேர்ச்சி பெற்ற பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைக்க அரசுப் பள்ளிகள் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கோச்சுகள் தனியார் பள்ளியைக் கை காட்டுகிறார்கள். ஒரு பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை இன்னொரு வருடம் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் இருபதோ முப்பதோ ஆயிரம் டாலர் கட்டுவீர்கள்.

வயதில் மூத்த பிள்ளைக்குச் சாதகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவும் 1985-இல் ஆராய்ந்தபோது, ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், வருடக் கடைசியில் பிறந்தவர்கள் மெலிந்து போயிருந்தார்கள். அங்கே வயது வரம்பு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது. சில மாத மூப்பு சின்ன வயதில் பெரிய உடம்பாகத் தெரிகிறது, பெரிய உடம்பைப் பயிற்சியாளர்கள் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கே கூடுதல் பயிற்சியும் கிடைக்கிறது. ஆனால் 13, 14 வயதில் இருக்கும் உயர வித்தியாசம் 18-இல் பெரும்பாலும் கரைந்துவிடும். கல்லூரி அணிக்கு ஆள் தேடி வருகிறவர் பிறந்த தேதியையும் பார்ப்பார். தன்னைவிட ஒன்றரை வயது சின்னப் பையன்களைத் தாண்டிப் பந்து போடுகிறவனை அவர் எடை போடத் தெரியாதவரா?

இன்னொன்று. ‘எட்டாவதில் வேண்டாம், ஒன்பதாவதை இரண்டு முறை படிக்கலாம்’ என்று யாராவது அடுத்து கிளம்புவார்கள். அது இதைவிட மோசம். மேலே சொன்ன கடிகாரம் முதல் ஒன்பதாவதிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஆட, ஹைஸ்கூலில் 16 முதன்மைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அதில் பத்தை ஏழாவது செமஸ்டர் தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும். அங்கேயும் எண்ணிக்கை முதல் ஒன்பதாவதிலிருந்துதான்.

பையனிடம் கேட்டீர்களா? மூன்று வரிக் கடிதத்தில் கோச் என்ன சொன்னார் என்று இருக்கிறது, அவன் என்ன சொன்னான் என்று இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த இந்த ரகக் கடிதங்களில் அது இருந்ததே இல்லை.

கலிபோர்னியா. நல்ல அணி உள்ள பள்ளிக்கு மாற, அந்தப் பகுதியில் இருக்கும் நண்பரின் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? எல்லோரும் செய்கிறார்கள்.

எல்லோரும் செய்கிறார்கள், மாட்டுகிறவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் கலிபோர்னியாவில் 24 மாதம் வரை தடை விதிக்கலாம். நான்கு வருட ஆட்டத்தில் அது பாதி. குடும்பம் மொத்தமும் உண்மையிலேயே வீடு மாறினால் உடனே ஆடலாம். வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், முதல் முறையாக இருந்தால், பெரும்பாலும் பாதி சீசன் உட்கார வேண்டி வரும். பாதி சீசனை மிச்சம் பிடிக்க இரண்டு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள். நேர்வழியில் மாறுவதானாலும், மாறும் முன் புதிய பள்ளியின் அத்லெட்டிக் டைரக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். கோச் வாய்ப்பேச்சு செல்லாது.

டெக்சஸ். ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) கெமிஸ்ட்ரியில் 64. அடுத்த வாரம் மேட்ச். ஆட விடுவார்களா?

சாதாரண கெமிஸ்ட்ரியாக இருந்திருந்தால் 70-க்குக் கீழே என்பதால் குறைந்தது மூன்று வாரம் போட்டி கிடையாது, பயிற்சி மட்டும்தான். 1984-இலிருந்து இருக்கும் சட்டம் அது. ஏ.பி. அறிவியல் பாடங்களுக்கு மாநில அளவில் விலக்கு உண்டு. உங்கள் மாவட்டம் தனியாகக் கடுமையான விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், 64-ஐயும் கொஞ்சம் கவனியுங்கள்.

அக்கா மகன் இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து எங்களோடு தங்கி, அரசுப் பள்ளியில் படித்து டென்னிஸ் ஆட வேண்டும் என்கிறான்.

நான்கு வருடமும் நடக்காது. அரசு ஹைஸ்கூலில் எஃப்-1 மாணவருக்கு மொத்தமே 12 மாதம்தான், அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். இது கூட்டாட்சிச் சட்டம், எந்த மாநிலமும் தளர்த்த முடியாது. தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் பெற்றோர் இல்லாமல் மாமா வீட்டில் தங்கி ஆட வருகிற பையனை எந்த மாநிலச் சங்கமும் இரண்டு முறை பார்க்கும். டிக்கெட் போடுவதற்கு முன் கேளுங்கள், போட்ட பிறகு இல்லை. எழுத்தில்.

மிச்சிகன். டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனுக்கு ஜூனில் 19 ஆகிவிட்டது. சீனியர் ஆண்டு பாக்கி. வழியே இல்லையா?

இருக்கிறது. 1995-இல் உங்கள் மாநிலத்திலேயே, கற்றல் குறைபாடு உள்ள இரண்டு ஓட்டக்காரர்களின் வழக்கில், வயது விதிக்கு விலக்கு தரச் சங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2012-இல் பள்ளிகளே வாக்களித்து விதியைத் திருத்திவிட்டன. வரையறுக்கப்பட்ட குறைபாடு உள்ள மாணவருக்கு இப்போது விலக்கு கேட்கலாம். மருத்துவ ஆவணங்களைத் திரட்டிப் பள்ளியிடம் கொடுங்கள், விண்ணப்பிக்க வேண்டியது பள்ளி. அவனால் மற்றவர்களுக்கு ஆபத்தும் இல்லை, அணிக்குத் தனிச் சாதகமும் இல்லை என்று காட்ட வேண்டியிருக்கும். இன்றே தொடங்குங்கள்.

வீட்டுக் கல்வி மாணவர்கள் பள்ளி அணியில் ஆடலாமா?

ஃபுளோரிடாவில் ஆடலாம், அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டிம் டீபோ அப்படி வந்தவர்தான். கலிபோர்னியாவில் முடியாது. நீங்கள் எந்த மாநிலம்? எழுதவில்லை.

டெக்சஸ். மகளுக்கு ஆங்கிலத் தேதிப்படி ஆகஸ்ட் 29-இல் 19 ஆகிறது. நட்சத்திரப்படி இந்த வருடம் செப்டம்பர் 4. எதைக் கொடுப்பது?

பாஸ்போர்ட்டில் இருப்பதை.