செய்கூலி யாருக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சந்தையில் பித்தளை ஜிமிக்கியும், மெழுகு முறையில் வார்க்கும் டோக்ரா பதக்கமும் வாங்கினேன். அட்டையில் ‘ஃபேர் டிரேட்’ (நியாய வணிகம்) என்று போட்டிருந்தது. செய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்திருக்குமா? – வாசகி, ஈசூன்

பதில்: அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது முத்திரையை. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலின் உலோகத் தரவிதி தங்கத்துக்கும் அதனுடன் சேர்ந்த வெள்ளி, பிளாட்டினத்துக்கும் மட்டுமே. அது முக்கியமாகச் சிறு சுரங்கத் தொழிலாளர்களைக் காப்பது. பித்தளை அதில் வராது. உலக நியாய வணிக அமைப்பின் முத்திரை, பொருளைச் செய்து விற்கும் நிறுவனத்தின் மொத்த நடைமுறையையும் சோதித்துத் தரப்படுவது. கைவினைஞர் கேட்டால் குறைந்தது 50 விழுக்காடு முன்பணத்தை வட்டியில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. உலோகத்தையும் கேஸையும் கடனில் வாங்கி வேலை தொடங்குபவருக்கு இந்த ஒரு விதியே பெரிய ஆறுதல்.

முத்திரை வாங்க வசதியில்லாத நல்ல பட்டறைகளும் உண்டு. அதனால் விற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: எந்த ஊர்ப் பட்டறை? ஒரு சோடிக்குக் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை? கேஸ், பற்றவைக்க உதவும் வெங்காரம், மெருகுச் செலவு யார் கணக்கில்? பில்லில் ‘செய்கூலி, சேதாரம்’ என்று போடுவது கடையின் கணக்கு. அத்தனையும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதில்லை. வியாபாரி உலோகத்தை எடை போட்டுக் கொடுத்து, நகையை எடை போட்டு வாங்கும் இடங்களில், அனுமதித்த சேதாரத்துக்கு மேல் குறையும் ஒவ்வொரு மில்லிகிராமும் ஆசாரியின் கூலியில் பிடிக்கப்படும். நுணுக்க வேலையில் அரத்தூள் அதிகம் உதிரும். திறமையானவரே அதிகம் இழக்கும் இந்த முறையை நியாயம் என்று சொல்ல மாட்டோம்.

இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள்: நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றில் காட்மியம் என்ற உலோகம் உண்டா? நகைக்கடைகளில் கேடிஎம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். காட்மியம் கலந்தால் பற்று குறைந்த சூட்டிலேயே உருகி ஓடும், வேலை சுளுவாகும். ஆனால் காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காற்றோட்டமில்லாத அறையில் ஊதுகுழலோடு குனிந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அந்தப் புகை கெடுக்கும். நகையை அணிபவருக்கு அது தெரியவே தெரியாது.

டோக்ரா கைவேலைதானா என்பதை நீங்களே பார்க்கலாம். களிமண் கருவின்மேல் மெழுகு நூல் சுற்றி, மறுபடி மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகிப்போன இடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் நகை வெளியே வரும். எனவே கடையில் பத்துப் பதக்கங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது டோக்ரா அல்ல.

கேள்வி: 92.5 வெள்ளிக் கொலுசு இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டது. போலியா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கறுத்ததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். நம் ஊர் ஈரப்பதம் அதை விரைவாக்கும். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, 250 மில்லிலிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, கொலுசு தாளைத் தொடும்படி 3 நிமிடம் வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கழுவியபின் சலங்கை மணிகளை நன்றாக உதறிக் காயவையுங்கள். உள்ளே தங்கும் நீர்தான் மறுபடி கறுப்பைத் தொடங்கிவைக்கும். ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி வைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்ட் நகைக்கு இந்த முறை ஆகாது. பள்ளத்தில் இருக்கும் அழகான கறுப்பும் போய்விடும். உள்ளே அரக்கு நிரப்பியதையும், கெம்புக் கல் ஒட்டிய கோயில் நகையையும் வெந்நீரில் போடவே கூடாது. அரக்கு இளகும், கல் கழன்றுவிடும்.

கேள்வி: தோடு போட்டால் காது அரிக்கிறது. பித்தளை ஒத்துக்கொள்ளவில்லையா? – வாசகி, பிடோக்

பதில்: தோலில் பச்சைக் கறை மட்டும் என்றால் அது செம்பு வியர்வையோடு சேர்ந்ததால் வருவது, சோப்புப் போட்டால் போகும். சிவந்து அரித்தால் நிக்கல் மீதுதான் முதல் சந்தேகம். பொன்முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு இருக்கும், முலாம் தேய்ந்ததும் அது தோலைத் தொடும். தேய்ந்த இடத்தில் நகச்சாயம் பூசி மறைப்பது சில நாளுக்குத்தான். தோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், தண்டையும் திருகையும் மட்டும் 92.5 வெள்ளியிலோ டைட்டானியத்திலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். புண் ஆறும்வரை எதையும் அணியாதீர்கள்.