பிரேக் பேட் மாத்தினதுக்கு அப்புறம் டொக் டொக் சத்தமா? கேளுங்க சொல்றேன்

கிருஷ்ணகிரியில 22 வருஷமா பட்டறை வச்சிருக்கேன். பிரேக், சஸ்பென்ஷன் இது ரெண்டும் கேளுங்க. வண்டி என்ன, எந்த வீலு, எப்ப சத்தம் வருதுன்னு சேர்த்து எழுதுங்க.

பாலக்கோடு: அண்ணா, ஸ்விஃப்ட், முன்னாடி பேட் மாத்தி ரெண்டு நாள் ஆகுது. குண்டுகுழியில மெதுவா போனா டொக் டொக்னு அடிக்குது, பிரேக்ல லேசா கால் வச்சா சத்தம் நின்னுடுது. மாத்தினவர், லோயர் ஆர்ம் (வீல கீழ தாங்குற சஸ்பென்ஷன் கை) போயிடுச்சு, மாத்தணும்கிறார்.

தம்பி, காசு எடுத்துக் குடுத்துடாதீங்க. கால் வச்சா நிக்குதுன்னு நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. பிரேக் புடிக்கும்போது பேடும் காலிப்பரும் (பேட அழுத்துற கவ்வி) வீலோட சுத்துற டிஸ்க்க இறுக்கிப் புடிச்சிக்கும், ஆடாது. விட்டதும் லூசா இருக்கிறது ஆட ஆரம்பிக்கும். லோயர் ஆர்ம் புஷ்ஷோ (ரப்பர்) சஸ்பென்ஷன் லிங்க் ராடோ போயிருந்தா லேசா கால் வச்சதுக்கெல்லாம் சத்தம் அப்படி சுத்தமா அடங்காது. மாத்தறதுக்கு முன்னாடி இல்லாத சத்தம் மாத்தின உடனே வந்தா முதல்ல அந்த வேலையத்தான் திரும்ப பிரிச்சுப் பாக்கணும்.

வீல் நட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க, அப்புறம் வீல கழட்டி காலிப்பர கையால மேலயும் கீழயும் ஆட்டுங்க. உள்ள வெளியன்னு கொஞ்சம் நகரலாம், கைடு பின்ல, அதாவது காலிப்பர் வழுக்கி நகர்ற ஆணியில, அது நகர்ந்துதான் ஆகணும். மேல கீழ டக் டக்னு ஆடினா தப்பு. கைடு பின் போல்ட்ட இறுக்கற அளவு (டார்க்) பெரும்பாலான சின்ன கார்ல 25லருந்து 35 நியூட்டன் மீட்டர்தான், காலிப்பர தாங்குற பிராக்கெட்டோட போல்ட்டு அதைவிட ரொம்ப ஜாஸ்தி, உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற அளவுக்கே டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க.

அப்புறம் பேடோட ரெண்டு காதும் உக்கார்ற இடத்துல மெல்லிசா ஸ்டீல் கிளிப் இருக்கும். அதுதான் பேட ஆடாம புடிச்சிருக்கும். போன மாசம் இதே சத்தத்தோட ஒரு வண்டி வந்துச்சு, டிக்கியில கிடந்த பேட் டப்பாவ எடுத்துப் பாத்தா நாலு புது கிளிப்பும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம அப்படியே இருக்கு. கிளிப்புக்கு அடியில இருக்கிற துருவ கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சுட்டு மாட்டணும். பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்க, சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும். பல வண்டியில மேல் பின்னும் கீழ் பின்னும் வேற வேற, மாத்திப் போட்டாலும் இதே தொல்லைதான்.

காவேரிப்பட்டணம்: ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னாடி போய் பிரேக் புடிச்சா ஒரே ஒரு டக்.

லேசான சத்தம்னா பயப்பட வேண்டாம், பேட் பிராக்கெட்ல இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போய் உக்கார்ற சத்தம். பலமா அடிச்சா மேல சொன்ன கிளிப்ப பாருங்க.

அரூர்: காலையில ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் நகர்ந்ததும் ஒரு தடவை கடக்னு கேக்குது, அப்புறம் இல்ல.

ஏபிஎஸ் தன்னைத்தானே சோதிச்சுக்கிற சத்தம். முன்னாடியும் வந்திருக்கும், பிரேக் வேலை பாத்த பிறகுதான் காது அங்க போகுது.

ஓசூர்: பின்னாடி ட்ரம்ல ஷூ மாத்தினோம், பிரேக் புடிச்சா வீல் சுத்தற வேகத்துக்கு டக் டக்.

ட்ரம்ம லேத்துல கடைஞ்சாங்களா? டூல் ஓடின தடம் திருகாணி மரை மாதிரி இருந்தா ஷூ அதுல ஏறி ஏறி விழும். ட்ரம்ம கழட்டி உள்பக்கம் நகத்தால தடவுங்க, தட்டுப்படும். ஷூவ புடிச்சிருக்கிற ஸ்பிரிங்கும் ஆணியும் சரியா இருக்கான்னும் பாருங்க.

பர்கூர்: பேட் மாத்தினேன், சத்தம் வருது, என்ன பண்றது?

எப்ப வருது, எந்தப் பக்கம், ஒண்ணுமே சொல்லலையே. பாலக்கோடு தம்பிக்கு எழுதினத படிங்க.

தர்மபுரி: இதே டொக் டொக்தான் சார். நாளைக்கு சேலத்துல கல்யாணம், குடும்பத்தோட போயிட்டு வந்து பாத்துக்கலாமா?

வேணாம் சார். சேலம் போறப்ப தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம், முன்னாடி லாரி பின்னாடி லாரி. போல்ட்டு லூசா, கிளிப் இல்லாததான்னு தெரியாம அங்க இறங்காதீங்க. வீல கழட்டிப் பாக்க அரை மணி நேரம் போதும், இல்லன்னா பஸ்ல போங்க.

பென்னாகரம்: நான் 15 வருஷமா டிரைவர். தொப்பூர்ல நியூட்ரல்ல விட்டா வண்டி அதுவா இறங்கும், டீசலும் மிச்சம்.

அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனா இத நான் ஒத்துக்கவே மாட்டேன். இப்ப வர்ற வண்டியில கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல கால எடுத்தா இன்ஜினுக்கு டீசல் போறதே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜின சுத்தும். நியூட்ரல்ல போட்டாதான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். மிச்சமில்ல, செலவு.

பென்னாகரம்: லோடு வண்டி வேற, கார் வேற. நாங்க பாத்துதான் ஓட்டறோம்.

லோடு இருந்தா இன்னும் மோசம்ணே. இன்ஜின் புடிக்காதப்ப மொத்த வெயிட்டும் பிரேக் மேலதான். காத்து பிரேக்கா இருந்தாலும் ட்ரம் சூடேறி புடிப்பு போயிடும். ஆயில் பிரேக்னா அதோட இன்னொண்ணும் சேருது: புது டாட் 3 பிரேக் ஆயில் 205 டிகிரியில கொதிக்கும், ஈரம் குடிச்ச பழைய ஆயில் 140லயே கொதிச்சிரும். உள்ள ஆவி வந்தா பெடல் தரைக்குப் போகும். இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டா, பெடல லேசாக்குற பூஸ்டர்ல ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லு. மேடு ஏறுற கியர்லயே இறங்குங்கண்ணே.

ஊத்தங்கரை: பேட் மாத்தின பிறகு சத்தம்...

மேல படிங்க.

காரிமங்கலம்: ஸ்பீக்கர்ல கரகரன்னு வருது.

அது ஆடியோ கடைக்காரர் வேலைங்க.

பாலக்கோடு: அண்ணா, கழட்டிட்டேன். கிளிப் இருக்கு. வலது பக்கம் கீழ் போல்ட்டு கையாலயே சுத்துது!

நல்ல வேளை தம்பி. மரை கெடலன்னா நல்லா துடைச்சுட்டு சரியான டார்க்ல இறுக்குங்க, கெட்டிருந்தா புது போல்ட்டு வாங்குங்க. இடது பக்கத்தையும் இப்பவே கழட்டுங்க, ரெண்டையும் மாட்டினது ஒரே ஆள்தானே.