பிடித்த தொழிலைச் செய்தால் வியாபாரம் வளருமா?

கேள்வி: அலுவலக வேலையில் இருக்கிறேன், ஆனால் மனசு முழுக்க வேறு தொழிலில் இருக்கிறது. தொழிலை உண்மையாக நேசித்தால் வியாபாரத்தில் ஜெயிக்கலாம் என்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான். ஆனால் அந்த நேசம் எந்த வழியாக வருமானமாக மாறுகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொல்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை.

ரவிக்கைக்குள் வைக்கும் பருத்தி லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கிவிடும். மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது. உள்ளே இழுத்துப் பிடித்து, வெளியே நெளி நெளியாக நிற்கும். கடையில் வாங்கிக்கொண்டு போகும் அன்று ஊறவைத்ததும் ஊறவைக்காததும் பார்வைக்கு ஒன்றுதான். இதற்கென்று தனிக் கூலியும் கேட்க முடியாது, வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் தீபாவளி நெருக்கத்தில் பலர் இதைத்தான் முதலில் விடுகிறார்கள். அத்தை ஒரு முறைகூட விட்டதில்லை. தான் தைத்த ரவிக்கை ஒருத்தி உடம்பில் நெளிந்து நிற்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் காரணம்.

இன்னொன்று பக்கத் தையல். உள்ளே ஒன்றரை அங்குலமாவது துணி விட்டுத் தைப்போம். ஒட்ட வெட்டினால் தைக்கச் சுலபம், உள்ளேயும் தடிக்காது. ஆனால் பெண்களின் உடம்பு ஒரே அளவில் நிற்பதில்லையே. கல்யாணப் பட்டு ரவிக்கை பிள்ளை பிறந்த பிறகு ஏறாது. உள்ளே துணி இருந்தால் பழைய தையலைப் பிரித்து அகலப்படுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த ரவிக்கை அலமாரியிலேயே கிடக்கும்.

இதன் பலனை நான் கண்ணால் கண்டது கொரோனா காலத்துக்குப் பிறகு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்யாணம் இல்லை, கோயில் திருவிழா இல்லை, புது ரவிக்கை யாருக்கு வேண்டும்? கட்டுப்பாடு தளர்ந்ததும் கடைக்கு முதலில் வந்த வேலை புதுத் துணி இல்லை. வீட்டிலேயே இருந்து உடம்பு போட்டவர்கள் பழைய ரவிக்கைகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் பிரித்துவிட முடியுமா?" முடிந்தது, உள்ளே துணி இருந்தது. அதில் பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே பெண்கள் அப்புறம் தங்கை கல்யாணம், நாத்தனார் சீமந்தம் என்று புதுத் துணிகளோடு வந்தார்கள். அன்றும் சரி இன்றும் சரி, விளம்பரத்துக்கு நான் பணம் செலவழித்ததில்லை.

நேசம் இருந்தால் அடுத்தவர் வேலையைப் பார்க்கும்போதும் கை சும்மா இருக்காது. பக்கத்துக் கடையில் ஒரு மலாய் மக்சிக் (வயதில் மூத்த பெண்ணை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மலாய்ப் பெண்களின் பாரம்பரிய உடையான பாஜு கூரோங் தைத்துக்கொண்டிருந்தார். கைக்கு அடியில் வைக்கும் கெக்கெக், பக்கவாட்டில் விரியும் பெசாக், கழுத்தோரத்தில் ஊசியால் போடும் துலாங் பெலூட் தையல், இவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. வியாபாரக் கணக்கெல்லாம் அப்போது மனதில் இல்லை, அந்தக் கழுத்துத் தையல் அவ்வளவு அழகு. மத்தியான ஓய்வில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மக்சிக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இன்று என் கடையின் வருடமே அதனால் மாறியிருக்கிறது. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நோன்புப் பெருநாள் மார்ச் 31, தீபாவளி அக்டோபர் 20. ரவிக்கை மட்டும் தைத்திருந்தால் தீபாவளி, கல்யாண மாதம் போக மற்ற நாட்களில் வாடகை கட்டவே திண்டாட வேண்டும். இப்போது பெருநாளுக்கு பாஜு கூரோங் தைப்பதால் வருடத்தின் முன்பாதியிலும் மிஷின் ஓடுகிறது.

சரி, நேசம் இருந்தும் கடையை மூடியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகத் தைத்தவர்களே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கவனித்தது இரண்டு விஷயம். ஒன்று, கூலி கேட்கக் கூச்சம். கையால் ஊக்கு வைத்து, ஓரம் மடித்துத் தைத்துவிட்டு, மிஷினில் தட்டிக்கொடுப்பவர் வாங்கும் அதே கூலியை வாங்குவார்கள். இரண்டாவது, வந்த துணிக்கெல்லாம் சரி சொல்வது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கடை வாசலில் பத்துப் பேர் கோபமாக நிற்பார்கள். வருடம் முழுக்கச் சம்பாதித்த நல்ல பெயர் அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். வேலையை நேசிக்கிறவருக்கு "இதற்கு மேல் எடுத்தால் நன்றாகத் தைக்க முடியாது" என்று சொல்லும் துணிவும் வேண்டும். எங்கள் கடையில் ஒரு அளவுக்கு மேல் துணி வாங்குவதில்லை. முன்பணம் வாங்கி, தேதியை எழுதிக் கையில் கொடுத்துவிடுவோம். சில பேர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். அதில் பாதிப் பேராவது அடுத்த வருடம் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை உடனே விடாதீர்கள். ஆனால் முறையாக ஆரம்பியுங்கள். மலேசியாவில் வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), தனிக் கடைப்பெயர் என்றால் 60 வெள்ளி. பதிந்துவிட்டு, உங்கள் தொழிலில் கூட்டம் நெரியும் ஒரு பருவத்தை முழுசாகச் செய்து பாருங்கள். தூக்கம் கெடும், ஒன்றிரண்டு பேர் திட்டுவார்கள், ஒரு வாடிக்கையாளர் பாக்கி வைத்துவிட்டுப் போவார். எல்லாம் முடிந்த மறுவாரம், யாரும் கேட்காமலே, அடுத்த தடவை இதை எப்படி இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று கை பரபரத்தால் ராஜினாமா பற்றி வீட்டில் பேச ஆரம்பிக்கலாம்.